மிதக்கிற உடம்பு

9.3.2024
சிறைச்சாலை

சேது,

எழுதிப் பழக்கம் இல்ல. பத்தாவது பரீட்சைக்கு அப்புறம் இம்புட்டு நீளமா இப்பத்தான் பேனா பிடிக்கிறேன். கோழி கிண்டுன மாதிரி இருந்தாலும் சிரிக்காம வாசி.

நேத்து கோர்ட்டுல முடிவு சொல்லிட்டாங்க. என்னோட கடலுக்கு வந்த மூணு பேரையும் விட்டுட்டாங்க. எல்லை தாண்டுன அன்னைக்குப் படகு ஓட்டுனவன் நான்ங்கிறதால எனக்கு மட்டும் ஆறு மாசம். அந்த மூணு பேரு கையிலதான் இதைக் குடுத்து விடுறேன். படகைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. கேக்கவும் பயமா இருக்கு.

போனுல பேசுறது எனக்கு ஒத்து வரலை. பின்னாடி வரிசையில நிக்கிறவன் மூச்சு என் பிடறியில படுது. போன தடவ நீ அழுத, நான் சும்மா நின்னேன், லைன் போயிருச்சு. அதான் எழுதுறேன். வக்கீலம்மா மாசத்துக்கு ஒருக்க வாராங்க. மீனவர் சங்கத்துல குடுத்தா அவங்க மூலமா ஒன் கடுதாசி எனக்கு வந்துரும்.

பொம்பளப் புள்ளைனு சொன்ன. யாரு சாடைனு சொல்லலையே. நான் கிளம்பும்போது ஒனக்கு ஏழு மாசம். சட்டை பத்தலைனு என் நீலச் சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்ன. அந்த நிப்புதான் கண்ணுக்குள்ளயே இருக்கு.

ஒங்கம்மாகிட்டச் சொல்லி பால்சுறா வாங்கிப் புட்டு அவிச்சுத் தரச் சொல்லு. நல்லாச் சாப்பிடு. வேற எந்த யோசனையும் வேணாம். நான் எதைச் சொல்றேன்னு ஒனக்குத் தெரியும்.

நம்புராஜன்


2.4.2024
சின்னப்பாலம்

அன்புள்ள மச்சானுக்கு,

சேது எழுதுறேன். கடுதாசி கெடைச்சுச்சு. சிரிக்காம எப்படி வாசிக்க? "கோர்ட்டு" ங்கிறதுக்கு நீங்க போட்டிருக்க கொம்பைப் பாத்து எங்கம்மாவே சிரிச்சிருச்சு. அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம். அதை விடுங்க.

புள்ள உங்க சாடைதான். அதே அகல நெத்தி, அதே முறைப்பு. பேரு வச்சாச்சு, நம்புநாயகி. நீங்க வந்து வைக்கட்டும்னு எங்கம்மா சொல்லுச்சு. ஆறு மாசம் வரைக்கும் என் புள்ளைய "ஏய்"னு கூப்பிடச் சொல்றியானு சண்டை போட்டு வச்சிட்டேன். கோவிச்சுக்காதீங்க.

பால்சுறா வாங்கித் தரச் சொன்னீங்களே, நீங்க சொல்லியா எங்கம்மா செய்யணும்? புள்ள பெத்த நாள்ல இருந்து சுறாப்புட்டு, உளுந்தங்களி, நல்லெண்ணெயில மிதக்கிற முட்டை. தண்ணிக் குழாய்க்குப் போனா பொம்பளைங்க, "ஆத்தி, என்னடி சேது, இப்புடி ஊதிட்ட"ங்கிறாளுக. ஆட்டோக்காரன் நடுவுல உக்காருங்கக்கான்னு சொல்றான், ஓரத்துல உக்காந்தா வண்டி சாயுமாம். உங்க நீலச் சட்டை இருக்கே, அது ஏழு மாச வயித்துக்குப் பத்துச்சு. இப்ப வயித்துல ஒண்ணுமே இல்ல, ஆனா பட்டன் பூட்ட மாட்டேங்குது. இது எந்த ஊரு நியாயம்?

சரி, நீங்க சொல்லாம சொன்னதுக்கு வாரேன். எதைச் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியும். கடலுக்குள்ள முங்கிப் பாசி எடுக்கப் போகாதங்கிறீங்க.

மச்சான், நான் போவேன். இப்ப இல்ல. ஏப்ரல் பாதியில இருந்து தடைக்காலம், பாசி வளரட்டும்னு நம்ம பொம்பளைங்களும் இறங்க மாட்டோம். தடை முடிஞ்சு வல்லம் கிளம்பும்போது நான் அதுல இருக்கணும். கருத்தம்மாக்கா வல்லத்துல மூக்கு ஓரமா முன்னணியத்துல உக்காருற இடம் என்னோடது. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே என்னோடது. வயித்துல புள்ளையோட அஞ்சு மாசம் வரைக்கும் நான் முங்கி இருக்கேன். இப்ப அந்த இடத்துல தெற்குவாடியில இருந்து ஒரு புதுப் புள்ளைய உக்கார வச்சிருக்காங்க. தர்சனானு பேரு. நல்ல புள்ளைதான். ஆனா அது என் இடம்.

காசுக்குன்னு நினைக்காதீங்க, காசும் வேணும், அது வேற. வீட்டுல இருக்கும்போது நான் புள்ளைக்கு ஆத்தா, எங்கம்மாவுக்கு மக, ஜெயில்ல இருக்கிறவன் பொண்டாட்டி. கண்ணாடியப் போட்டுத் தண்ணிக்குள்ள போனாத்தான் நான் சேது. உங்களுக்கு இது புரியும்னு நம்புறேன். நீங்களும் கடல்காரருதானே.

சேதுலட்சுமி

நாயகி காலைப் பேனா மையில முக்கி இந்த மூலையில வச்சிருக்கேன். கசக்கிறாதீங்க.


28.4.2024

சேது,

கால் தடம் பாத்தேன். இங்கன இருக்கிற எல்லாருக்கும் காட்டியாச்சு. எங்களைப் பாத்துக்கிற காவலருக்கு நம்ம பாசை கொஞ்சம் தெரியும், அவரும் வாங்கிப் பாத்துட்டு, தன் மக காலு இதவிடச் சின்னதுனு சொன்னாரு. ராத்திரி தலமாட்டுல வச்சுத்தான் தூங்குறேன்.

மத்தது எனக்குப் புரியலை. பச்சை ஒடம்பு. கத்தி வைக்காமப் பெத்தேன்னு தைரியமா? தண்ணிக் குளிரு ஏறுனா பாலு வத்திரும்னு எங்கம்மா இருந்திருந்தா சொல்லி இருக்கும். நான் இங்கன கம்பிக்குள்ள உக்காந்துக்கிட்டு, நீ அங்கன தண்ணிக்குள்ள இருக்கியா வெளிய வந்துட்டியான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கணுமா?

குண்டா இருந்தா என்ன, இருந்துட்டுப் போ. எவளும் சொல்றதுக்காக நீ எளைக்க வேணாம். நான் ஒண்ணும் சொல்லலையே.

போகாத. சொல்லிப்புட்டேன்.

நம்பு


26.5.2024

மச்சான்,

"போகாத, சொல்லிப்புட்டேன்" - அதுக்கு மேல எழுத பேப்பரு இல்லையா? கோவத்துல ஒரு மாசம் எழுதலை. இப்பவும் கோவம்தான். ஆனா சொல்லாம இருக்க முடியலை, அதான் எழுதுறேன்.

முதல்ல நான் பண்ணுன கூத்தைக் கேளுங்க. சீக்கிரம் எளைக்கணும்னு ராத்திரிச் சோத்தை நிறுத்துனேன். அப்புறம் காலையிலயும் வெறும் டீ. ஒரு வாரத்துல தல சுத்துச்சு, பாலு குறைஞ்சு போயி நாயகி ராப்பூரா கத்துறா. தடுப்பூசிக்குப் போனப்ப நர்ஸ் ருக்ஸானாக்கா புள்ள எடையைப் பாத்துட்டு என்னையத்தான் திட்டுச்சு. பட்டினி கிடந்தா எளைக்கிறது நீ இல்லடி, ஒம் புள்ளைன்னுச்சு. எனக்கு மண்டையில அடிச்ச மாதிரி ஆயிப்போச்சு. அங்கனயே அழுதுட்டேன்.

அப்புறம் படுக்க வச்சு வயித்துல விரலை வச்சுப் பாத்துச்சு. புள்ள பெத்ததுல வயித்துச் சதை நடுவுல ரெண்டா விலகி இருக்காம். அதனாலதான் வயிறு முன்னால தள்ளுது, இடுப்பு வலிக்குது, குனிய முடியலை. பயப்படாத, சேந்துக்கிரும்னு சொல்லி ஒரு பயிற்சி குடுத்துச்சு. மல்லாக்கப் படுத்துக்கிட்டு முழங்காலை மடக்கி, மூச்சை மெதுவா வெளிய விட்டுக்கிட்டே தொப்புளை முதுகோட ஒட்டுற மாதிரி உள்ள இழுக்கணும். அம்புட்டுத்தான். இது ஒரு பயிற்சியான்னு எனக்குச் சிரிப்பு. பாயில படுத்துக்கிட்டு நான் உஸ்ஸு உஸ்ஸுன்னு விட, பக்கத்துல நாயகி என்னையவே முறைச்சுப் பாக்குறா.

மூணு வேளையும் சாப்பிடுறேன். மீனு, கீரை, சோறு. களியும் நெய்யும் மட்டும் நிறுத்தியாச்சு, எங்கம்மா என் கூடப் பேசுறதில்ல. விடியக்காலம் புள்ளைய எங்கம்மாகிட்ட விட்டுட்டுக் கரையோரமா நடக்குறேன். ஈர மணல்ல நடந்தா கெண்டைக்கால் கழண்டு போற மாதிரி இருக்கு. முதல் நாளு பாலத்துக் கிட்டப் போறதுக்குள்ள மூச்சு முட்டி உக்காந்துட்டேன். இப்ப பாலத்தைத் தாண்டிப் போயிட்டு உக்காராமத் திரும்பி வாரேன். ருக்ஸானாக்கா இனி தண்ணியில இறங்கலாம்னு சொல்லிருச்சு, உங்க தலைமேல சத்தியமா.

இறங்குனேன். கழுத்தளவுக்கு மேலே கொஞ்சம்தான், கருத்தம்மாக்கா கரையில நின்னுச்சு. கண்ணாடியப் போட்டேன், மூச்சை இழுத்தேன், தலையை உள்ள விட்டேன். என்ன ஆச்சு தெரியுமா? முங்க முடியலை மச்சான். தல உள்ள போகுது, பின்பக்கம் தண்ணிக்கு மேல நிக்குது. காலை உதைக்கிறேன், உதைக்கிறேன், தண்ணிதான் தெறிக்குது. பந்தை அமுக்குனா மேல வருமே, அப்படி வாரேன். ஊரே என்னை கனத்துட்ட, கனத்துட்டன்னு சொல்லுது. கடலு என்னைய லேசுனு சொல்லுது. கருத்தம்மாக்கா சிரிச்ச சிரிப்புல வெத்தலையெல்லாம் சேலையில கொட்டிருச்சு. அப்புறம் அதுவே, கொழுப்பு மிதக்கும்டி, கறிக்குழம்புல பாத்ததில்லையான்னுச்சு.

நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து புள்ளைக்குப் பால் குடுக்கும்போதுதான் அழுகை வந்துச்சு. இத்தனை வருசம் என்னை உள்ள வாங்கிக்கிட்ட கடலு, இப்ப வெளிய தள்ளுது.

சேது


11.6.2024

சேது,

ஒன் கடுதாசியை நான் வாசிச்சுக்கிட்டிருக்கும்போது சிரிச்ச சிரிப்புல எல்லாரும் என்னன்னு கேட்டானுக. சொல்லலை. அந்தப் பின்பக்கம் மேல நிக்கிற விசயம் எனக்கு மட்டும்.

இங்கன ஒரு வேலையும் இல்ல. சோறும் பருப்பும் தின்னுட்டு சுவத்தைப் பாக்குறேன். நீ பாலத்தைத் தாண்டிப் போறேன்னு எழுதுனதுல இருந்து நானும் முற்றத்தைச் சுத்தி நடக்கிறேன். ரெண்டு சுத்து சுத்தி நிழல்ல உக்காந்துக்குவேன். ஒன்னைய மாதிரி எனக்கு வராது.

போகாதன்னு சொன்னேன், நீ கேக்கலை. கேக்க மாட்டன்னு தெரியும். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப ஒங்கம்மா என்கிட்ட, இவ சொன்ன பேச்சு கேக்க மாட்டா தம்பி, பாத்துக்கங்கன்னு சொல்லித்தான் குடுத்துச்சு.

முங்க முடியலைன்னா வீட்டுல என் பழைய வலை கிடக்குல்ல, அதுல இருக்கிற ஈயத்தை உருவி இடுப்புல கட்டிக்க. வலையே இறங்குது, நீ இறங்க மாட்டியா?

நாயகிக்குப் பல்லு வந்துருச்சா?

நம்பு


9.7.2024

சேது,

ஏன் எழுதலை?

நேத்து புதுசா ஆறு பேரைக் கொண்டாந்தாங்க. அதுல தங்கச்சிமடம் ஜாபர் சாதிக் இருக்கான், ஒனக்குத் தெரியும், என்னோட ஐஸ் கம்பெனியில வேலை பாத்தவன். என்னையக் கண்டதும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, அல்லா காப்பாத்துனான் மச்சான், தங்கச்சி சேது இப்ப நல்லாருக்குல்லன்னு கேட்டான். எனக்கு ஒண்ணும் விளங்கலை. எனக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சதும் அவன் முகம் போன போக்கைப் பாத்துத்தான் பயந்தேன். புடிச்சு உலுக்கிக் கேட்டேன். இடுப்புல ஈயத்தைக் கட்டிக்கிட்டு முங்கி மேல வர முடியாமக் கிடந்தியாம். கரையெல்லாம் அதுதான் பேச்சாம்.

அடியே, அதை நான் கேலிக்குத்தானே எழுதுனேன். கேலிக்கு. வலை இறங்குறது திரும்பி வாரதுக்கா? இழுக்க ஆள் இருக்கிறதாலதானே அது மேல வருது. இது ஒனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் எழுதியிருக்கேனே.

ராத்திரி முழுக்க உக்காந்திருந்தேன். நீ என் கையெழுத்தை வாசிச்சுட்டுத்தான் அந்த ஈயத்தை உருவி இருப்ப. அதை நினைச்சா இந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கு.

இனிமே போகாதன்னு சொல்ல மாட்டேன். சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. நடந்ததை மட்டும் ஒண்ணு விடாம எழுது. என்கிட்ட மறைக்காத. நீ நல்லாருக்கன்னு ஒரு வரி, அதுவும் ஒன் கையால எழுதணும், ஒங்கம்மாவ எழுத விடாத.

நம்பு


18.7.2024

மச்சான்,

நல்லாருக்கேன். இது என் கை எழுத்துதான், பாத்துக்கங்க. நாயகியும் நல்லாருக்கா. பல்லு இன்னும் வரலை, ஈறுலயே கடிக்கிறா.

ஜாபர் அண்ணன் வாயைத் தைக்கணும். நானே பக்குவமா எழுதணும்னு இருந்தேன். நாலஞ்சு தடவ ஆரம்பிச்சுக் கிழிச்சேன்.

நடந்தது இதுதான். தடை முடிஞ்சதும் வல்லத்துல இடம் கேட்டேன். சரி வந்து பாருன்னு கருத்தம்மாக்கா கூட்டிட்டுப் போச்சு. மொத ரெண்டு நாளும் அதே கதை. எல்லாரும் பை நிறைய மரிக்கொழுந்துப் பாசியோட மேல வாராங்க, நான் பிடிச்சு வச்ச பலூன் மாதிரி வல்லத்துப் பக்கத்துல மிதக்கிறேன். யாரும் ஒண்ணும் சொல்லலை. அதுதான் தாங்க முடியலை. அன்னைக்குச் சாயங்காலம் உங்க கடுதாசி வந்துச்சு. கேலினு எனக்கும் தெரியும் மச்சான். நீங்க உங்களை நொந்துக்காதீங்க. கேலினு தெரிஞ்சேதான் செஞ்சேன். ஈயத்தை உருவிக் கயித்துல கோத்து, யாருக்கும் தெரியாம சேலைக்கு உள்ள இடுப்புல கட்டிக்கிட்டுப் போனேன்.

இறங்குச்சு பாருங்க, நேரா தரைக்கு. சந்தோசம் தாங்கலை. பாறை, பாசி, அந்தச் சின்ன வரிமீனு எல்லாம் பழையபடி. ரெண்டு கையாலயும் பிடுங்குனேன். மூச்சு தீருதுன்னு தெரிஞ்சு தரையை உதைச்சேன். பாதி வரைக்கும்தான் வந்தேன், திரும்பக் கீழ இழுத்துச்சு. திரும்ப உதைச்சேன். கயித்தை அவுக்கலாம்னு பாத்தா நனைஞ்சு முடிச்சு இறுகிப் போச்சு, சேலை வேற சுத்திக்கிச்சு. தலைக்கு மேல வெளிச்சம் தெரியுது, வல்லத்து அடி தெரியுது. கைக்கு எட்டலை. அந்த நேரத்துல என் மாருல பாலு சுரந்துச்சு மச்சான். புள்ளைக்குப் பசிக்கிற நேரம். அது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கு.

பாசி பிடுங்கிக்கிட்டிருந்த தர்சனாதான் பாத்து மேல போயிக் கத்தி இருக்கா. கருத்தம்மாக்கா கத்தியோட குதிச்சு வந்து கயித்தை அறுத்து, முடியைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துச்சு. வல்லத்துல போட்டு முதுகுல தட்டித் தண்ணிய வெளிய எடுத்துச்சு. நான் கண்ணு முழிச்சதும் கன்னத்துல ஒரு அறை. அப்புறம் என்னையக் கட்டிக்கிட்டு அதுவும் அழுதுச்சு.

கரைக்கு வந்ததும் சொல்லிருச்சு. வர்ற ஆவணிப் பௌர்ணமி வரைக்கும் பாக்குறேன், ஒண்ணுமே கட்டாம வெறும் ஒடம்போட தரையைத் தொட்டு வந்தா ஒன் இடம் ஒனக்கு, இல்லாட்டி அது தர்சனாவுக்கேன்னு. அதுவரைக்கும் வல்லத்துல ஏறக் கூடாதுன்னுருச்சு. அதுல தப்பே இல்ல. நான் பொழைச்சதே அந்தப் புள்ளையாலதான், அது இடத்தைத்தான் நான் பிடுங்கப் பாக்குறேன். இதுல எனக்கு வெக்கமாவும் இருக்கு.

இப்ப திரும்ப முதல்ல இருந்து. நடை, பாயில படுத்து அந்த உஸ்ஸு, சாயங்காலம் இடுப்பளவு தண்ணியில நீரோட்டத்துக்கு எதுத்தாப்புல நடக்கிறது. தர்சனா துணைக்கு வாரா. நான் கூப்பிடலை, தானா வந்து நிக்கிறா. இன்னும் மிதக்கத்தான் செய்யுறேன்.

ஈயத்தைப் பழைய இரும்புக் கடையில போட்டுட்டேன். பேரீச்சம்பழம் குடுத்தான், தின்னுட்டோம்.

சேது


3.8.2024

சேது,

வாசிச்சேன். எத்தனை தடவைன்னு கேக்காத.

ஒன்கிட்ட இதுவரைக்கும் சொல்லாத ஒண்ணைச் சொல்றேன். பொண்ணு பாக்க வந்ததுதான் முதல் தடவ ஒன்னைப் பாத்ததுன்னு நீ நினைச்சுக்கிட்டிருக்க. இல்ல. அதுக்கு முந்தின வருசமே பாத்தேன். எஞ்சின் கோளாறாகி எங்க படகை ஒரு மணல் திட்டுக்குப் பக்கத்துல நங்கூரம் போட்டு நிறுத்தி இருந்தோம். தூரத்துல ஒங்க வல்லம். தண்ணிக்குள்ள இருந்து ஒரு தலை வந்துச்சு, கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி விட்டுட்டு, பாசிப் பையைத் தூக்கி வல்லத்துல எறிஞ்சுட்டுத் திரும்ப உள்ள போயிருச்சு. முகம் கூடச் சரியாத் தெரியலை. திரும்ப எப்ப வரும்னு நான் பாத்துக்கிட்டே இருந்தேன். எஞ்சின் சரியானது கூடத் தெரியாம நின்னேன். விசாரிச்சுத்தான் ஒங்க வீட்டுக்கு ஆள் அனுப்பச் சொன்னேன்.

அப்படிப்பட்டவளைத்தான் நான் போகாதன்னு சொன்னேன். பயத்துல சொன்னேன் சேது. பெருமை இல்லாம இல்ல.

சாகுற வரைக்கும் போயிட்டு வந்து, அடி வாங்கி, மறுநாளே திரும்ப முதல்ல இருந்து நடக்கிற. என்னைய ஒரு தடவ கடல்ல பிடிச்சதுக்கே இனி கடலே வேணாம்னு பல தடவ நினைச்சுட்டேன். ஒன்னைய நினைச்சுத்தான் இப்ப நானும் நிழல்ல உக்காராம முற்றத்தைச் சுத்துறேன். ஜாபர் பின்னாடியே ஓடி வாரான். எங்களைப் பாத்து இன்னும் நாலு பேரு சேந்துட்டானுக. காவலரு சிரிக்கிறாரு.

பௌர்ணமிக்கு நான் இங்கன இருந்து நிலாவைப் பாப்பேன். தரை எட்டலைன்னாலும் எழுது. எட்டலைன்னா அசிங்கம் ஒண்ணும் இல்ல. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.

நம்பு


21.8.2024

மச்சான்,

அடப்பாவி மனுசா. எஞ்சின் கோளாறுன்னு நின்ன அந்தப் படகு நீங்கதானா? நாங்க எல்லாரும் அன்னைக்கு, எவனோ ஒருத்தன் வேலை வெட்டி இல்லாம வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு நிக்கிறான்னு திட்டிக்கிட்டிருந்தோம். அதுல அதிகமாத் திட்டுனது நான்தான். எங்கம்மாகிட்டச் சொன்னேன், அதுக்குத் தெரியுமாம். இத்தனை நாளா சொல்லலை பாருங்க.

இப்ப விசயத்துக்கு வாரேன்.

போன வாரமே ருக்ஸானாக்கா என்னைய எடை மிசின்ல ஏத்திப் பாத்துச்சு. பெருசா ஒண்ணும் இறங்கலை மச்சான். இம்புட்டு நடை, இம்புட்டு உஸ்ஸு, முள்ளு கொஞ்சூண்டு நகந்திருக்கு. எனக்கு மனசு விட்டுப் போச்சு. ஆனா அக்கா வயித்துல விரலை வச்சுப் பாத்துட்டு, சதை சேந்துருச்சுடின்னு சொல்லுச்சு. எடை கிடக்குது கழுதை, பாலு குடுக்கிற வரைக்கும் ஒடம்பு கொஞ்சம் சேத்துத்தான் வச்சுக்கும், நீ எவ்வளவு பலமாயிட்டன்னு பாருன்னுச்சு. பலமா இருந்து என்ன பண்ண, நான் முங்கணுமேன்னு நினைச்சுக்கிட்டே வந்தேன்.

பௌர்ணமி கழிஞ்ச மறுநாள் காலையில போனோம். தண்ணி தெளிவா, காத்து இல்லாம இருந்துச்சு. உங்க நீலச் சட்டையத்தான் போட்டேன். கீழ் ரெண்டு பட்டன் இன்னும் பூட்டலை, சேலையைக் கொண்டு மூடிக்கிட்டேன். கையில துணி சுத்துனேன், கண்ணாடியப் போட்டேன்.

மொதத் தடவ மூச்சை நல்லா இழுத்து நிறைச்சுக்கிட்டுத் தலையை விட்டேன். மிதந்தேன். ரெண்டாந்தடவையும் அதே. கருத்தம்மாக்கா முகத்தைத் திருப்பிக்கிச்சு. சரி, அம்புட்டுத்தான், இடம் போச்சுன்னு வல்லத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குனேன். அழுகை வந்துச்சு. அழக் கூடாதுன்னு மூச்சை வெளிய விட்டேன், பாயில படுத்து விடுற மாதிரி மெதுவா, தொப்புளை உள்ள இழுத்துக்கிட்டு. பழக்கதோசம். விட விட நான் கீழ இறங்குறது தெரிஞ்சுச்சு மச்சான். வாய் தண்ணிக்குள்ள போச்சு, மூக்கு போச்சு. பயந்து திரும்ப மேல வந்தேன். அப்பத்தான் உறைச்சுச்சு. நெஞ்சு நிறையக் காத்தை வச்சுக்கிட்டுத்தான் இத்தனை நாளா முட்டிக்கிட்டிருந்திருக்கேன். புள்ளைக்கு முந்தி ஒல்லி, நிறைச்சாலும் இறங்குவேன். இந்த ஒடம்புக்கு அது ஆகாது.

பாதி மூச்சை விட்டேன். வயித்தை இழுத்தேன். இடுப்பு மடங்குச்சு, முன்னால மடங்காத இடுப்பு. காலு ரெண்டும் நேரா மேல போயி சத்தம் இல்லாம உள்ள வந்துச்சு. உதைச்சேன். அந்த மணல்ல நடந்த காலு இருக்கே, ஒரு உதைக்கு எவ்வளவு தூரம் போகுதுன்னு எனக்கே தெரியாமப் போச்சு. தரையைத் தொட்டேன். ரெண்டு உள்ளங்கையையும் பாறையில வச்சு ஒரு நொடி சும்மா இருந்தேன். அப்புறம் ஒரு பிடி மரிக்கொழுந்தைப் பிடுங்கிட்டுத் தரையை உதைச்சு மேல வந்துட்டேன்.

பாசியைத் தூக்கிக் காட்டுனேன். தர்சனா கையைத் தட்டி அழுகுறா. கருத்தம்மாக்கா வெத்தலையைத் துப்பிட்டு என்னையப் பாத்துச்சு.

"வலைப்பையைக் கட்டுடி. ஒரு பிடிப் பாசிக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்?"

அம்புட்டுத்தான் சொல்லுச்சு. நான் கண்ணாடிக்குள்ளயே அழுதேன், கண்ணாடி பூராத் தண்ணி.

அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் இறங்கி ஏறுனேன். முன்னணியத்து இடம் எனக்கு. தர்சனா எங்கேயும் போகலை, அவளும் நானும் இப்ப ஜோடி, ஒருத்தி முங்குனா ஒருத்தி மேல இருந்து பாக்கணும். அதை நான்தான் கேட்டு வாங்குனேன். கரையில எங்கம்மா நாயகியை வச்சுக்கிட்டு நின்னுச்சு. ஈரச் சேலையோடவே பால் குடுத்தேன். உப்பா இருக்குன்னு முகத்தைச் சுளிச்சா. அப்புறம் குடிச்சுட்டா.

இதோட அந்த மொதப் பிடியில இருந்து ஒரு இணுக்கு காய வச்சு வச்சிருக்கேன்.

சேது


8.9.2024

சேது,

பாசி கெடைச்சுச்சு. மோந்து பாத்தேன். சிறைக்குள்ள நம்ம கடல் வாசம் வந்துச்சு. எல்லாரும் கேட்டானுக, ஆளுக்கு ஒரு தடவ மோந்து பாக்கக் குடுத்து பத்திரமாத் திரும்ப வாங்கி வச்சுக்கிட்டேன். ஒரு கடுதாசியைச் சத்தம் போட்டு வாசிச்சுக் காட்டுனது இதுதான் முதல் தடவ. "வலைப்பையைக் கட்டுடி"ங்கிற இடத்துல ஜாபர் விசில் அடிச்சுட்டான். நான் அழுததை அவன் வந்து சொல்வான், அதனால நானே சொல்லிடுறேன்.

அவனுக்கு விடுதலை ஆயிருச்சு, இதைக் கொண்டு வருவான். அடுத்த வாரம் நானும் வாரேன். தண்டனை முடியுது.

படகு வராது. அரசாங்கத்துக்குப் போயிருச்சுன்னு வக்கீலம்மா சொல்லிட்டாங்க. நான் வெறுங்கையோடதான் வாரேன். அதைச் சொல்லத்தான் இம்புட்டு நேரம் சுத்துறேன். இன்னொண்ணும் சொல்லணும். எவ்வளவு சுத்தியும் தொப்பை போட்டிருச்சு. அந்த நீலச் சட்டை எனக்கும் பூட்டாது.

எனக்கு ஒரு வேலை வேணும் சேது. கருத்தம்மாக்காகிட்டக் கேளு. எஞ்சினைப் பாத்துக்கிறேன், தண்ணி வாளி எடுத்துக் குடுக்கிறேன், பாசியைத் தட்டிக் காய வைக்கிறேன். நாயகியை மடியில வச்சுக்கிட்டு, நீ முங்குனதும் எப்ப வருவன்னு பாத்துக்கிட்டு இருக்கிறதுதான் எனக்கு நல்லாத் தெரிஞ்ச வேலை. ஒங்க வல்லத்துல எனக்கு ஒரு ஓரத்துல இடம் கிடைக்குமா?

நம்புராஜன்


15.9.2024

மச்சான்,

உங்களைக் கூட்டியார ஏர்போர்ட்டுக்கு வர்ற வேன் டிரைவர் கையில இதைக் குடுத்து விடுறேன். எங்கம்மா சோறு கட்டிக் குடுத்திருக்கு, வழியில சாப்பிடுங்க.

கருத்தம்மாக்காகிட்டக் கேட்டேன். ஆம்பளைய ஏத்துற வல்லம் இல்ல இதுன்னுச்சு. அப்புறம் ரொம்ப நேரம் யோசிச்சு, எஞ்சினும் புள்ளையும் பாத்துக்கிட்டா வரட்டும், வாயைப் பொளந்து பாக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. அது அவரால முடியாது, இருந்தாலும் வரட்டும்க்கான்னு சொல்லிட்டேன்.

பின்னணியத்துல உங்களுக்கு இடம் இருக்கு. நடுவுல உக்காருங்க, ஓரத்துல உக்காந்தா வல்லம் சாயும்.

சேது